பூட்டிய கேட்டின் மேல் ஒரு சைக்கிள்

கேட்டை ஒரு வெள்ளிக்கிழமை நட்டிருந்தார்கள். தபாலக்கா அதைப் பார்த்தது மறுநாள் காலை, பதினான்கு பேரைப் பின்னால் கூட்டிக்கொண்டு வந்தபோது.

தபாலக்கா என்பது ஊர் வைத்த பெயர். முப்பது வருஷம் சைக்கிளில் தபால் கொடுத்தவள். எந்த வீட்டு நாய் கடிக்கும், எந்த வீட்டு நாய் குரைப்பதோடு சரி என்று அவளுக்கு மனப்பாடம். ஓய்வு பெற்ற அன்று கணவர், "இனிமேலாவது அந்தச் சைக்கிளுக்கு ஓய்வு குடு" என்றார். அவர் பஸ் ஓட்டுகிறவர். சைக்கிள்காரர்கள் என்றாலே அவருக்கு ஆகாது. அவள் சரி சரி என்று தலையாட்டிவிட்டு, மறு வாரமே பின்னால் இரண்டு பக்கமும் பை தொங்கவிடுகிற, நீளப் பயணத்துக்கென்றே செய்த இரும்புச் சைக்கிள் ஒன்றை வாங்கி வீட்டு வாசலில் நிறுத்தினாள். அவர் அதைச் சுற்றி வந்து பார்த்துவிட்டு, "பிரேக்காவது இருக்கா?" என்று மட்டும் கேட்டார்.

ஊருக்கு வெளியே ஒரு பழைய ரயில் தடம் உண்டு. ரயில் நின்றுபோய், தண்டவாளத்தையும் பெயர்த்து எடுத்துப் போன பிறகு பல வருஷம் முள்ளும் புதருமாகக் கிடந்தது. பிறகு அரசாங்கமே அதைச் சுத்தம் செய்து, பொடிக்கல் பரப்பி, இரண்டு பக்கமும் மரம் நட்டு, 'பசுமைப் பாதை' என்று பெயர் வைத்தது. முப்பத்தெட்டு கிலோமீட்டர். வண்டி, லாரி எதுவும் வராது. போகிற வழியில் பதினொரு வளைவு கொண்ட செங்கல் பாலம், உப்பு வண்டிகளுக்கு வரி வாங்கிய பழைய சாவடி, அறுநூறு மீட்டர் சுரங்கம், அதைத் தாண்டினால் பழைய ரயில் நிலையம், கடைசியில் குன்றின் மேல் ஒரு கோட்டை. சனிக்கிழமைதோறும் தபாலக்கா அந்த வழியே ஆட்களைக் கூட்டிப் போனாள். யார் வேண்டுமானாலும் வரலாம். சங்கிலி கழன்றால் மாட்டிக் கொடுப்பாள். மூச்சு வாங்கினால் நின்று, அந்த இடத்தின் கதையைச் சொல்வாள். கதை கேட்பதற்காகவே மூச்சு வாங்குவதாக நடிக்கிறவர்களும் இருந்தார்கள்.

இருபத்திரண்டாவது கிலோமீட்டரில் இருந்த அந்தப் பழைய ரயில் நிலையம் இப்போது ஹோட்டல். பயணச்சீட்டு கொடுத்த அறை வரவேற்பறையாகிவிட்டது. நடைமேடையில் நாற்காலி போட்டு விருந்தாளிகள் காலைச் சாப்பாடு சாப்பிட்டார்கள். நடைமேடைக்கும் புல்வெளிக்கும் நடுவே நானூறு மீட்டர் தூரம் பசுமைப் பாதை போயிற்று. அந்த நானூறு மீட்டரின் தொடக்கத்தில்தான் கேட்; மறு கோடியில் இதேபோல் இன்னொன்று. நெஞ்சளவு உயரம், புதுக் கறுப்புப் பெயின்ட், சங்கிலி, பூட்டு. 'தனியார் இடம். உள்ளே வரக் கூடாது' என்று ஒரு பலகை.

பலகைக்குப் பக்கத்தில் கோட்டும் டையுமாக நின்றவன் அவளுடைய தம்பி.

அவளைவிட இரண்டு வயது சின்னவன். அந்த ஹோட்டலின் மேலாளர். சின்ன வயதிலிருந்தே இருவருக்கும் எண்ணெயும் தண்ணீரும் போலத்தான். அவள் எதையும் செய்துவிட்டு அப்புறம் யோசிப்பாள். அவன் யோசித்து, எழுதிவைத்து, எழுதியதைத் திருத்தி, அதற்குள் பொழுது போய்விடும்.

"என்னடா இது?" என்றாள்.

"கேட்."

"அது எனக்குத் தெரியுது. எதுக்கு?"

"இந்த இடம் ஹோட்டலோட பத்திரத்துல இருக்குன்னு முதலாளி சொல்றாரு. நீங்க எல்லாரும் மெயின் ரோடு வழியா சுத்திப் போய் அந்தப் பக்கம் சேர்ந்துக்கலாம். ஏழு கிலோமீட்டர்தான்." பின்னால் நின்றவர்களுக்குக் கேட்கக் கூடாதென்று குரலைத் தாழ்த்தினான். "அக்கா, எல்லார் முன்னாலயும் வேண்டாமே. ப்ளீஸ்."

அன்றைக்கு அவள் கேட்டுக்கொண்டாள். வாழ்நாளில் தம்பி பேச்சைக் கேட்டு நடந்த ஒரே தடவை அது என்று பின்னால் சொல்லிச் சொல்லி மாய்ந்துபோவாள்.

மெயின் ரோட்டில் கல் குவாரி லாரிகள் ஒன்றன்பின் ஒன்றாக வந்தன. மூன்றாவது கிலோமீட்டரில் ஒரு லாரி ஒட்டி உரசிக்கொண்டு போன காற்றிலேயே பல் டாக்டரம்மா தடுமாறிப் பள்ளத்தில் விழுந்தார். அறுபத்தைந்து வயது. ஊரில் பாதிப் பேரின் கடைவாய்ப் பல்லைப் பிடுங்கிய கை. முழங்கால் தேய்ந்து ரத்தம் வழிந்தது. ஹெல்மெட் இரண்டாகப் பிளந்திருந்தது. அதைக் கையில் வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு அவர், "இது என் தலையா இருந்திருக்கும், இல்ல?" என்றார், ஏதோ நோயாளியைப் பற்றிச் சொல்வதுபோல நிதானமாக.

 தபாலக்கா பையிலிருந்து பஞ்சை எடுத்துக் காயத்தைத் துடைத்தாள்.  

திங்கட்கிழமை நில அலுவலகத்துக்குப் போனாள். அங்கே பாதைகள் பிரிவில் ஒரு பெண் எழுத்தர் இருந்தார். மேசை மேல் கோப்புகள் கழுத்து வரை அடுக்கியிருந்ததால் முகம் மட்டும்தான் தெரிந்தது. தபாலக்கா சொன்னதை முழுக்கக் கேட்டுவிட்டு, ஒரு வரைபடத்தை எடுத்து விரித்தார்.

"பாதை பாதையாத்தான் இருக்கு. யாருக்கும் எழுதிக் குடுக்கல. ஆனா ஹோட்டல்காரங்க மனு போட்டிருக்காங்க. விசாரணை முடிய எட்டு மாசமும் ஆகலாம், பத்து மாசமும் ஆகலாம்."

"அதுவரைக்கும் கேட்டை எடுக்கச் சொல்ல முடியாதா?"

"முடியாது." எழுத்தர் கதவுப் பக்கம் ஒரு பார்வை பார்த்துவிட்டு முன்னால் சாய்ந்தார். "விதிமுறையில ஒண்ணு இருக்கும்மா. தொடர்ந்து ஒரு மாசம் யாருமே அந்த வழியா சைக்கிளோட போகலைன்னா, கைவிட்ட பாதைன்னு எழுதிடலாம். அவங்க அதுக்குத்தான் காத்துக்கிட்டிருக்காங்க. போய்க்கிட்டே இருந்தா எழுத முடியாது. பட்டப்பகல்ல, அவங்க பார்க்கப் போகணும். திருட்டுத்தனமாப் போனா கணக்குல வராது."

"பூட்டியிருக்கே?"

"பூட்டியிருந்தா போகக் கூடாதுன்னு விதியில இல்ல" என்றார் எழுத்தர். அந்த முகத்தில் சிரிப்பு இருந்ததா இல்லையா என்று கண்டுபிடிக்க முடியவில்லை.

மாசத்துக்கு ஒரு தடவை போனால் போதும். தபாலக்காவுக்குப் போதவில்லை. அந்தச் சனிக்கிழமையே போய் நின்றாள். முதலில் பைகளைக் கழற்றிக் கேட்டுக்கு அந்தப் பக்கம் போட்டாள். பிறகு முன் சக்கரத்தைத் தூக்கிக் கேட்டின் மேல் கம்பியில் சாய்த்தாள். சட்டத்தின் நடுவில் தோளைக் கொடுத்து ஒரு எம்பு எம்பினாள். சைக்கிள் ஒரு கணம் கேட்டின் மேல் தராசு முள்போல ஆடிவிட்டு அந்தப் பக்கம் சரிந்தது. பின்னாலேயே அவளும் ஏறிக் குதித்தாள். ஐம்பத்தெட்டு வயது. பள்ளிக்கூடச் சுவரை ஏறிக் குதித்த பிறகு இப்போதுதான். மற்றவர்களும் ஒருவருக்கொருவர் தூக்கிக் கொடுத்து வந்து சேர்ந்தார்கள். முழங்காலில் கட்டுப் போட்டிருந்த டாக்டரம்மாவும் வந்தார். நடைமேடையில் முட்டை சாப்பிட்டுக்கொண்டிருந்த விருந்தாளிகள் கரண்டியை அப்படியே பிடித்தபடி வாயைப் பிளந்து பார்த்தார்கள்.

தம்பி ஓடி வந்தான். "அக்கா, நீ செய்றது அத்துமீறல்."

"எழுதி வச்சுக்கோ."

முதலாளியும் அதையேதான் சொன்னார். 'ஒவ்வொரு தடவையும் தேதி, நேரம், எத்தனை பேர், எப்படி வந்தார்கள், எல்லாவற்றையும் எழுதி வையுங்கள். வழக்குக்கு உதவும்.' தம்பி ஒரு நீளமான நோட்டு வாங்கினான். கோடு போட்டான். அடுத்த வாரத்திலிருந்து கேட்டருகே அதைக் கையில் வைத்துக்கொண்டு காத்திருந்தான்.

"பேர்?" என்பான்.

"உங்கக்கா."

"முறைப்படி கேக்கணும். பேர்?"

"டேய், உன் முதல் பல்லு விழுந்தப்ப அதைக் கூரை மேல எறிஞ்சவ நான். எழுது."

அவன் எழுதுவான். 'காலை எட்டு பத்துக்கு, கேட்டின் மேல் ஏறி, பதினொரு பேர், பதினொரு சைக்கிள்.' அவன் எழுத்து முத்து முத்தாக இருக்கும்.

கேட்டைத் தாண்டியதும் தபாலக்கா நேரே போய்விட மாட்டாள். நடைமேடையின் கோடியில் ஒரு கல் நின்றது. சுரங்கம் வெட்டும்போது செத்தவர்களுக்காக அந்தக் காலத்தில் யாரோ நட்டது. பெயர்கள் கிடையாது. தொழிலும் எண்ணிக்கையும் மட்டும்தான். மண் வெட்டியவர் ஒன்பது. கல் உடைத்தவர் ஏழு. வெடி வைத்தவர் நான்கு. கொத்தனார் இரண்டு. தண்ணீர் சுமந்த பெண் ஒன்று. விருந்தாளிகள் சாப்பிடும்போது சாவைப் பற்றி யாரும் படிக்கக் கூடாது என்பதுதான் முதலாளியின் முதல் மனக்குறையே. கல்லுக்கு முன்னால் ஒரு பெரிய செடித் தொட்டியை வைத்து மறைத்திருந்தார். தபாலக்கா வாரா வாரம் தொட்டியை இழுத்து நகர்த்திவிட்டுச் சத்தமாகப் படிப்பாள். அடுத்த வாரம் தொட்டி பழைய இடத்துக்கே வந்திருக்கும்.

இரண்டு மாதம் கழித்துக் கேட் ஒரு முழம் உயர்ந்தது. சைக்கிள்காரர்கள் மடக்கு ஏணி கொண்டுவந்தார்கள். ஹோட்டல்காரர்கள் மேல் கம்பியில் கிரீஸ் தடவினார்கள். தபாலக்கா கணவருடைய பழைய காக்கிச் சட்டையைக் கம்பியில் விரித்துத் தாண்டினாள். இரண்டு பக்கமும் முள்வேலி வைத்தார்கள். அது அவளைத் தடுக்கவே இல்லை. நடுவழியே போகிறவளுக்கு வேலி எதற்கு?

ஒரு சனிக்கிழமை முதலாளியே டீக் கோப்பையுடன் கேட்டுக்கு வந்தார். மரியாதையான மனிதர். யாரையும் அதட்டிப் பேசியதில்லை.

"அம்மா, உங்க உடம்பையும் பாருங்க. உங்களுக்கு மட்டும் ஒரு சாவி தரேன். நம்ம விருந்தாளிங்களை நீங்களே கோட்டைக்குக் கூட்டிப் போங்க. நல்ல பதவி, நல்ல மரியாதை. என்ன சொல்றீங்க?"

"ஊர்ல மத்தவங்களுக்கு?"

"எல்லாருக்கும் எப்படிம்மா சாவி குடுக்க முடியும்?"

"சாவி வேணும்னா அது வீடுங்க. பாதை இல்ல" என்றாள் தபாலக்கா. "கொஞ்சம் தள்ளி நிக்கிறீங்களா? சைக்கிள் உங்க மேல விழும்."

அவர் தள்ளி நின்றார். தம்பி தலையைக் குனிந்து நோட்டில் எதையோ எழுதிக்கொண்டிருந்தான். அவன் காது மடல் சிவந்திருந்ததை அவள் கவனித்தாள். கோபமா, சிரிப்பை அடக்குகிறானா என்று தெரியவில்லை.

இருபத்தாறாவது சனிக்கிழமை அவள் விழுந்தாள். ஏணியின் கால் ஈர மண்ணில் வழுக்கிவிட்டது. இடது மணிக்கட்டு எலும்பு முறிந்தது. ஆறு வாரம் மாவுக்கட்டு என்றார் மருத்துவர். அதே வாரம், அவளோடு வந்த அத்தனை பேர் வீட்டுக்கும் ஹோட்டல் வக்கீலிடமிருந்து பதிவுத் தபாலில் நோட்டீஸ் போயிற்று. அத்துமீறல், நஷ்ட ஈடு, சிறை என்று பெரிய பெரிய வார்த்தைகள். தபாலக்காவுக்கும் ஒன்று வந்தது. கொண்டுவந்தவர் அவளோடு வேலை பார்த்தவர். கையெழுத்து வாங்கும்போது அவர் அவள் முகத்தைப் பார்க்கவில்லை.

"முப்பது வருஷம் ஊருக்கே நோட்டீஸ் குடுத்தவ நான்" என்று அவள் சிரித்தாள். "பேப்பர் கடிக்காதுப்பா. குரைக்கும், அவ்வளவுதான்."

ஆனால் மற்றவர்கள் தபால்காரர்கள் இல்லை. பிள்ளை குட்டிகளோடு இருக்கிறவர்கள். ஒவ்வொருவராகப் போன் செய்தார்கள். ஒருவருக்கு இடுப்பு வலி, ஒருவருக்கு வீட்டில் விருந்தாளி. டாக்டரம்மா மட்டும் சாக்குச் சொல்லவில்லை. "எனக்குப் பயமா இருக்கு" என்றார். தபாலக்கா, "பரவாயில்லைம்மா" என்று போனை வைத்தாள். 

சனிக்கிழமை காலை மாவுக்கட்டுக் கையோடு சட்டையை மாட்டிக்கொண்டு நின்றவளைக் கணவர் பார்த்தார்.

"ஒத்தைக் கையால எப்படி ஓட்டுவே?"

"ஓட்டல. தள்ளிக்கிட்டுப் போறேன்."

"இருபத்திரண்டு கிலோமீட்டரா?"

"அதான் சீக்கிரமே கிளம்புறேன்."

அவர் பெருமூச்சு விட்டார். சைக்கிளைத் தூக்கித் தன் அண்ணன் மகனுடைய சின்ன வேனில் ஏற்றி, சுரங்கத்தின் வாயில் கொண்டுபோய் இறக்கிவிட்டார். "நான் இதைப் பார்க்கவும் இல்ல, இதுல எனக்குச் சம்பந்தமும் இல்ல" என்று சொல்லிவிட்டுப் பஸ் டெப்போவுக்குப் போனார்.

சுரங்கத்தைத் தாண்டி, தனியாக, வலது கையால் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு அவள் கேட்டுக்கு வந்தாள். மழை தூறிக்கொண்டிருந்தது. அந்தப் பக்கம் தம்பி குடையும் நோட்டுமாக நின்றான்.

"இன்னிக்கு வர மாட்டேன்னு நினைச்சேன்" என்றான்.

"நினைச்சதை எழுதாதே. பார்த்ததை எழுது."

பல்லால் முடிச்சை அவிழ்த்துப் பைகளைத் தூக்கிப் போட்டாள். முன் சக்கரத்தை ஒற்றைக் கையால் தூக்கினாள். பாதி உயரம் போய், சைக்கிள் திரும்பி அவள் மேலேயே விழுந்தது. மறுபடி தூக்கினாள். மறுபடி விழுந்தது. மூன்றாவது தடவை மாவுக்கட்டையும் முட்டுக் கொடுத்தபோது வலி தோள் வரை ஏறி, கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. அவள் துடைக்கவில்லை. துடைக்கக் கை இல்லை.

"விடேன் அக்கா. ஒரு மாசம் போகட்டும். கை சரியானதும் வாயேன்."

"ஒரு மாசம் போனா பாதை போயிடும். உனக்கு அது தெரியும்."

 அவனுக்குத் தெரியும்.

"என்னைத் தூக்கி விடுன்னு உன்னைக் கேக்கலடா. உன் வேலை எழுதுறது. நீ எழுது. நான் தூக்கிக்கறேன்" என்று சொல்லி நான்காவது தடவை குனிந்தாள்.

தம்பி குடையை மடக்கினான். நோட்டைக் கோட்டுக்குள் செருகினான். கேட்டின் குறுக்குக் கம்பியில் ஏறிக் குனிந்து, சட்டத்தைப் பிடித்து, புதுக் கோட்டில் சகதி அப்ப, சைக்கிளைத் தூக்கி உள்ளே இறக்கினான். பிறகு கையை நீட்டி அவளையும் பிடித்து இறக்கினான். அவள் கல்லுக்குப் போய்த் தொட்டியைக் காலால் நகர்த்திப் படித்துவிட்டு, மறு கோடிக்குப் போனாள். அங்கேயும் ஒரு கேட். அங்கேயும் அவன்தான் தூக்கினான்.

திரும்பிப் பார்த்தபோது அவன் மழையில் நின்று எழுதிக்கொண்டிருந்தான். என்ன எழுதினான் என்று அவள் கேட்கவில்லை.

இப்படி ஐந்து சனிக்கிழமை. ஐந்து தடவையும் அவன் தூக்கினான். ஐந்து தடவையும் எழுதினான். ஆறாவது வாரம் டாக்டரம்மா வீட்டுக்கு வந்தார். வாசலிலேயே நின்று, "நீ ஒத்தைக் கையோட தனியாப் போறியாமே. பஸ்ல உங்க வீட்டுக்காரர் எல்லார்கிட்டயும் சொல்லிக்கிட்டிருக்காரு. எனக்கு ராத்திரி தூக்கம் வரல" என்றார். அடுத்த சனிக்கிழமை ஒன்பது பேர் வந்தார்கள். அதற்கடுத்த வாரம் இருபது.

நாற்பத்தொரு சனிக்கிழமைக்குப் பிறகு, ஒரு வியாழக்கிழமை விசாரணை வந்தது.

நில அலுவலகத்தின் மாடி அறை. நீள மேசை, மேலே சத்தம் போடுகிற மின்விசிறி, பறக்காமல் இருக்கக் காகிதத்தின் மேல் கல். விசாரணை அதிகாரி கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவைத்த ஒரு அம்மாள். ஹோட்டல் வக்கீல் எழுந்து, தட்டச்சு செய்த ஒரு பட்டியலை நீட்டினார்.

"இந்தப் பெண்மணி முப்பத்தாறு தடவை அத்துமீறி இருக்காங்க. அது தனி வழக்கு. ஆனா நடுவுல பாருங்க. அஞ்சு சனிக்கிழமை யாருமே வரல. அவங்களுக்குக் கை முறிஞ்ச நேரம். மருத்துவச் சான்றே இருக்கு. ஒரு மாசத்துக்கு மேல யாரும் சைக்கிளோட கடக்கல. விதிப்படி அந்தப் பாதை கைவிடப்பட்டது."

 "நான் வந்தேன்" என்று தபாலக்கா எழுந்தாள். "அஞ்சு வாரமும் வந்தேன்."

"மாவுக்கட்டோட, அந்த உயரக் கேட்டை, சைக்கிளைத் தூக்கிக்கிட்டு?" வக்கீல் கனிவாகக் கேட்டார். "யார் பார்த்தாங்க?"

பார்த்தவன் எதிர் வரிசையில், முதலாளிக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தான். முந்தின நாளே கணவர் சொல்லியிருந்தார், தம்பியிடம் ஒரு வார்த்தை கேட்டுப் பார் என்று. அவள் மாட்டேன் என்று ஒற்றைக் காலில் நின்றாள். அவன் வேலை போய்விடும். கேட்டு வாங்குகிற விஷயம் இல்லை அது. இப்போதும் அவள் அவன் பக்கம் திரும்பவில்லை. "யாரும் பார்க்காட்டியும் வந்தது வந்ததுதான்" என்றாள் அதிகாரியிடம். "நீங்க என்ன எழுதினாலும் சரி, இந்தச் சனிக்கிழமையும் போவேன். கேட்டை வானம் வரைக்கும் தூக்குங்க. போவேன்."

அதிகாரி பேனாவைக் கீழே வைத்தார். "இந்தப் பட்டியலை எழுதினது யாரு?"

தம்பி எழுந்தான்.

"இது நீங்க எழுதினதுதானா?"

"இது வக்கீல் ஆபீஸ்ல டைப் பண்ணினதுங்க" என்றான் தம்பி.  "நான் எழுதினதுல அஞ்சு பக்கம் இதுல இல்ல. கிழிச்சுப் போடச் சொன்னாங்க. கிழிக்கல."

கோட்டுக்குள்ளிருந்து நீள நோட்டை எடுத்து மேசையில் வைத்தான். முதலாளியின் முகத்தில் ஈயாடவில்லை.

அதிகாரி கண்ணாடியை இறக்கிக்கொண்டு பக்கத்தைத் திருப்பினார். வாய்விட்டே படித்தார். "'சனிக்கிழமை, காலை எட்டு நாற்பது, தூறல். ஒருவர், ஒரு சைக்கிள். இடது கையில் மாவுக்கட்டு. மூன்று தடவை முயன்று முடியவில்லை. நான்காவது தடவை சைக்கிளைத் தூக்கி உள்ளே இறக்கியவர், ஹோட்டல் மேலாளர்.' கீழே உங்க கையெழுத்தா இது?"

"ஆமாங்க."

"நீங்களே தூக்கிட்டு நீங்களே புகார் எழுதினீங்களா?"

"பார்த்ததை எழுதச் சொன்னாங்க" என்றான் தம்பி. "நடந்தது அதுதான்."

அறையில் யாரோ சிரித்தார்கள். மூலையில் இருந்த பாதைகள் பிரிவு எழுத்தராகத்தான் இருக்க வேண்டும், ஆனால் கோப்புகளுக்குப் பின்னால் முகம் தெரியவில்லை. தபாலக்கா சிரிக்கவில்லை. அவன் எழுத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். மழையில் மை கலைந்த இடத்தில்கூட மறுபடி எழுதித் தெளிவாக்கியிருந்தான்.

அன்று மத்தியானமே உத்தரவு வந்தது. பாதை பாதைதான். இரண்டு கேட்டையும் பதினைந்து நாளில் எடுக்க வேண்டும்.

மாடிப்படியில் முதலாளி தம்பியைப் பார்த்து, குரலை உயர்த்தாமலே, "நாளையிலிருந்து நீங்க வர வேண்டாம்" என்றார்.

"நாளைக்கு எனக்கு வார லீவுங்க" என்றான் தம்பி. "நாளன்னிக்கு வராம இருந்துக்கறேன்."

தெருவுக்கு வந்ததும் அவன் ஒரு கடைப் படியில் உட்கார்ந்துவிட்டான். தபாலக்கா பக்கத்தில் உட்கார்ந்தாள்.  

"உன் பெண்டாட்டிகிட்ட நான் வந்து சொல்லட்டுமா?"

"நேத்தே சொல்லிட்டேன்."

"என்ன சொன்னா?"

"'அஞ்சு வாரம் தூக்கினதுக்கு அப்புறமா யோசிப்பே?'ன்னா." டையைத் தளர்த்திக்கொண்டான். "உனக்காகச் செஞ்சேன்னு நினைக்காதே அக்கா. நீ எனக்கு எப்பவுமே தலைவலிதான். ஆனா அந்த நோட்டு என்னோடது. அதுல ஒரு பக்கம் குறைஞ்சா அது என் நோட்டு இல்ல."

"சரிடா" என்றாள். அவன் தோளில் கை வைத்தாள். எலும்பு கூடிய கை. இன்னும் முழு பலம் வரவில்லை.

பதினைந்து நாளில் கேட்டுகள் போயின. முதலாளி மேல் முறையீடு செய்திருக்கிறார், வழக்கு இன்னும் வருஷக்கணக்கில் இழுக்கும் என்றார்கள். இழுக்கட்டும் என்றாள் தபாலக்கா. அடுத்த சனிக்கிழமை முப்பத்தோரு பேர் புறப்பட்டார்கள். முப்பத்தோராவது ஆள் தம்பி. டாக்டரம்மாவிடம் இரவல் வாங்கிய சைக்கிளில், கூடை கட்டி, இருக்கை உயரம் சரியில்லாமல், முழங்கால் காதைத் தொடுகிற மாதிரி மிதித்துக்கொண்டு வந்தான்.

ரயில் நிலையத்தை நெருங்கியதும் அவன் பிரேக்கைப் பிடித்தான். கேட் இருந்த இடத்தில் புத்தம்புதுப் பலகை ஒன்று நின்றது. 'சைக்கிளை விட்டு இறங்கித் தள்ளிக்கொண்டு செல்லவும்.'

"அக்கா, இறங்கணும்னு போட்டிருக்கு."

"யார் போட்டது?"

தம்பி பலகையைச் சுற்றி வந்து முன்னும் பின்னும் பார்த்தான். "அரசாங்க முத்திரை இல்ல" என்றான் மெதுவாக. "உத்தரவு எண்ணும் இல்ல. தேதிகூட இல்ல." அவனுக்கு அது பலகையின் வார்த்தைகளைவிடப் பெரிய குற்றமாகப் பட்டது. "இது செல்லாது."

"அப்ப ஏறு."

அவர்கள் ஏறினார்கள். முப்பத்தோரு சைக்கிளும் பொடிக்கல்லை நெரித்துக்கொண்டு, நடைமேடையை ஒட்டி, யாரும் இறங்காமல் போயின. சாப்பிட்டுக்கொண்டிருந்த ஒரு பெண் விருந்தாளி எழுந்து நின்று, எங்கே போகிறீர்கள் என்று கேட்டாள்.

"கோட்டைக்கு" என்றாள் தபாலக்கா. "வர்றதுன்னா வாங்க. இது எல்லாருக்குமான வழி."

"இன்னும் எவ்வளவு தூரம்?" பின்னாலிருந்து தம்பி மூச்சிரைக்கக் கத்தினான்.

"பதினாறு கிலோமீட்டர்!"

"ஏத்தமா?"

"ஏத்தம்தான்!" என்றாள் அவள், திரும்பிப் பார்க்காமல், மிதித்துக்கொண்டே.